ஐ.ஆர்.எஸ். கடிதம் வந்தால்: ஃபெடரல் வரி குறித்த வாசகர் கேள்வி–பதில்

அமெரிக்காவில் வாழும் வாசகர்களிடமிருந்து ஃபெடரல் வரி, அதாவது ஐ.ஆர்.எஸ். என்னும் மத்திய வரித்துறை வசூலிக்கும் வரி, தொடர்பாக வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடத்தில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அனுப்பியவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கி, தொகைகளைக் கணக்குப் போட வசதியாக மாற்றியிருக்கிறேன். மாநில வரிக்கு ஒவ்வொரு மாநிலத்திலும் தனிச் சட்டம் உண்டு என்பதால், தேவையான இடத்தில் மட்டும் அதைத் தொட்டுச் செல்கிறேன்.

கேள்வி (டெக்சாஸ் வாசகர்): மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். ஐ.ஆர்.எஸ்ஸிடமிருந்து சிபி2000 என்ற கடிதம் வந்திருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் விற்ற நிறுவனப் பங்குகளின் தொகையான 49,200 டாலரை வரிக்கணக்கில் காட்டவில்லை என்றும், அதற்காக 11,808 டாலர் வரியும் 2,362 டாலர் அபராதமும் வட்டியும் சேரும் என்றும் அதில் உள்ளது. அவை ஆர்.எஸ்.யூ. முறையில், அதாவது சம்பளத்தின் ஒரு பகுதியாக, நிறுவனம் தந்த பங்குகள். அவற்றுக்கான வரியை நிறுவனமே சம்பளத்தில் பிடித்துவிட்டது. ஒரே வருமானத்துக்கு இரண்டு முறை வரியா? கட்டித் தொலைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்கிறார் என் மனைவி.

பதில்: இப்போது கட்டாதீர்கள். சிபி2000 கடிதம் பில் அன்று. வரியை இவ்வாறு மாற்றலாம் என்று நினைக்கிறோம், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்கும் முன்மொழிவு. உங்கள் நிறுவனம் அனுப்பிய டபிள்யூ-2 என்ற சம்பளச் சான்று, வங்கியும் பங்குத் தரகரான புரோக்கரும் உங்கள் வரவுகளைத் தெரிவித்து அனுப்பிய 1099 படிவங்கள் ஆகியவற்றை ஐ.ஆர்.எஸ். கணினி நீங்கள் தாக்கல் செய்த 1040 என்ற ஆண்டு வரிக்கணக்குப் படிவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கே இந்தக் கடிதம் பிறக்கிறது. உங்களைத் தணிக்கை செய்வதற்காக யாரும் தேர்ந்தெடுத்துவிடவில்லை.

இனி உங்கள் பங்குகளுக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய தாள்களின்படி 400 பங்குகள் உங்கள் கைக்கு வந்த நாளில் ஒரு பங்கின் விலை 120 டாலர். அந்த 48,000 டாலர் முழுவதும் அன்றைக்கே சம்பளமாகக் கருதப்பட்டு, டபிள்யூ-2 படிவத்தின் முதல் கட்டத்தில் சேர்ந்துவிட்டது, வரியும் பிடிக்கப்பட்டது. சில மாதங்கள் கழித்துப் பங்கு 123 டாலராக இருந்தபோது 49,200 டாலருக்கு விற்றிருக்கிறீர்கள். ஆகவே உங்கள் உண்மையான ஆதாயம் 1,200 டாலர். 24 சதவீத வரம்பில் அதற்கான வரி 288 டாலர்.

புரோக்கர் அனுப்பும் 1099-பி படிவத்தில் விற்பனைத் தொகை இருக்கிறது. அடக்கவிலை இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருக்கிறது. ஆர்.எஸ்.யூ. பங்குக்கு ஊழியர் தம் கையிலிருந்து எதுவும் கொடுப்பதில்லை என்பதால் அந்தக் கட்டம் பெரும்பாலும் இப்படித்தான் வெற்றாகவோ பூஜ்யமாகவோ வரும். நீங்களோ, வரி பிடித்தாகிவிட்டதே என்று அந்தப் படிவத்தையே கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டீர்கள். அடக்கவிலை எதுவும் தெரியாத கணினி 49,200 டாலரையும் ஆதாயம் என்று வைத்து 24 சதவீதம் போட்டது. கணக்கில் வராத வரி 5,000 டாலரையும், செலுத்த வேண்டிய மொத்த வரியில் பத்து சதவீதத்தையும் தாண்டியதால், அதன் மேல் 20 சதவீத அபராதத்தையும் சேர்த்தது. பங்குகள் மூலம் சம்பளம் பெறும் நம்மவர்களிடம் நான் மிக அதிகமாகப் பார்க்கும் சிபி2000 இதுதான். கட்டித் தொலைத்துவிடலாம் என்று பணத்தை அனுப்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். தராமல் இருந்திருக்கக்கூடிய பணம் அது.

செய்ய வேண்டியது இதுதான். முதலில், கடிதத்தில் அச்சிட்டிருக்கும் பதில் தேதியைப் பாருங்கள். பொதுவாக 30 நாள் அவகாசம் இருக்கும். தாள்களைத் திரட்ட நேரம் போதாது என்றால், தேதி முடிவதற்குள் கடிதத்தில் உள்ள எண்ணுக்குத் தொலைபேசி கூடுதல் அவகாசம் கேட்கலாம்; பெரும்பாலும் தருவார்கள். அடுத்து, புரோக்கரின் இணையத்தளத்தில் 1099-பி படிவத்துடன் வரும் துணை அறிக்கையைப் பதிவிறக்குங்கள். சம்பளமாகச் சேர்க்கப்பட்ட தொகையையும் கூட்டிய சரியான அடக்கவிலை அந்தத் துணை அறிக்கையில்தான் இருக்கும். அதை வைத்து, சொத்து விற்பனையையும் ஆதாயத்தையும் காட்டும் 8949 படிவத்தையும் அட்டவணை டி-யையும் நிரப்புங்கள். அடக்கவிலை ஐ.ஆர்.எஸ்ஸுக்குத் தெரிவிக்கப்படவில்லை என்று 1099-பி சொன்னால் சரியான விலையை நேராக எழுதலாம். பூஜ்யம் என்று தெரிவிக்கப்பட்டிருந்தால் அதை அப்படியே எழுதி, அருகில் உள்ள திருத்தப் பத்தியில் வித்தியாசத்தைக் காட்ட வேண்டும்.

பதில் படிவத்தில் சம்மதமில்லை என்ற கட்டத்தைக் குறித்து, மேலே நான் சொன்ன கணக்கை ஒரே பக்கத்தில், கோபமோ மன்னிப்போ இல்லாமல், எழுதிக் கையெழுத்திடுங்கள். 8949, அட்டவணை டி, துணை அறிக்கை, டபிள்யூ-2 நகல் ஆகியவற்றை இணைத்து, கடிதத்தில் குறிப்பிட்டுள்ள முகவரிக்கோ தொலைநகலுக்கோ பதிவேற்றத் தளத்துக்கோ அனுப்புங்கள். அஞ்சலில் அனுப்பினால் ஒப்புகைச் சீட்டுடன் கூடிய சான்றஞ்சலாக இருக்கட்டும். இதற்காக 1040-எக்ஸ் என்னும் திருத்தக் கணக்கைத் தனியே தாக்கல் செய்தால், அது வேறொரு மேசைக்குப் போய்க் குழப்பத்தைக் கூட்டும்.

உங்கள் விளக்கம் ஏற்கப்பட்டால் 288 டாலரும் அதற்கான வட்டியும் மிஞ்சும். வரி வித்தியாசம் அவ்வளவு சிறியதாகிவிட்ட பிறகு அந்த 20 சதவீத அபராதத்துக்கு அடிப்படையே இல்லை. டெக்சாஸில் சம்பளத்துக்கும் ஆதாயத்துக்கும் மாநில வருமான வரி கிடையாது என்பதால் வேலை இத்தோடு முடிகிறது. கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் இருப்பவர்கள் ஃபெடரல் கணக்கு மாறியதை மாநில வரித்துறைக்கும் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள்.

கேள்வி (ஜார்ஜியா வாசகர்): ஏப்ரலில் கையில் பணம் இல்லாததால் கால நீட்டிப்பு விண்ணப்பம் போட்டு, அக்டோபர் 10 அன்று கணக்கைத் தாக்கல் செய்து 6,000 டாலர் வரியையும் கட்டினேன். இப்போது சிபி14 என்று ஒரு நோட்டீஸ் அபராதமும் வட்டியும் கேட்கிறது. நீட்டிப்பு பெற்றிருந்தும் அபராதம் எப்படி வரும்?

பதில்: 4868 படிவம் வழங்கும் நீட்டிப்பு கணக்கைத் தாக்கல் செய்வதற்கானது மட்டுமே. வரியைக் கட்டுவதற்கான கடைசி நாள் ஏப்ரல் 15-ஐ விட்டு நகர்வதில்லை. அன்று கட்டாத வரிக்கு மாதத்துக்கு அரை சதவீத அபராதமும் வட்டியும் ஓடும். மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகவே எண்ணப்படும் என்பதால் உங்களுக்கு ஆறு மாதம் ஆகிறது. அபராதம் 180 டாலர். வட்டி விகிதம் அரசின் குறுகிய கால வட்டியோடு 3 புள்ளிகள் சேர்ந்தது; மூன்று மாதங்களுக்கு ஒரு முறை மாற்றியமைக்கப்பட்டு, தினசரி கூட்டு வட்டியாகக் கணக்கிடப்படுகிறது.

ஆனால் அந்த விண்ணப்பத்தைப் போட்டது வீண் போகவில்லை. நீட்டிப்பும் கேட்காமல் கணக்கும் தாக்கல் செய்யாமல் இருந்திருந்தால், தாமதத் தாக்கலுக்கான அபராதம் இதன் மேல் மாதத்துக்கு 4.5 சதவீதம் வீதம் ஐந்து மாதத்தில் 22.5 சதவீதத்தை எட்டியிருக்கும். உங்கள் தொகைக்கு அது 1,350 டாலர். கையில் பணம் இல்லை என்பதற்காகக் கணக்கையே தாக்கல் செய்யாமல் விடுபவர்கள் இந்த விகிதத்தை ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஏப்ரலிலேயே மொத்த வரியில் 90 சதவீதம் கட்டப்பட்டிருந்து, மீதி நீட்டிப்புக் காலத்துக்குள் கணக்கோடு சேர்த்துக் கட்டப்பட்டால் அந்த அரை சதவீத அபராதமும் பொதுவாக விழாது; வட்டி மட்டும் உண்டு.

உங்களுக்கு வேறொரு வழியும் இருக்கிறது. முந்தைய மூன்று ஆண்டுகளில் அபராதம் எதுவும் இல்லாமல் கணக்குகளை ஒழுங்காகத் தாக்கல் செய்திருந்தால், முதல் முறை அபராத விலக்கு என்ற சலுகையைக் கேட்கலாம். நோட்டீஸில் உள்ள எண்ணுக்குத் தொலைபேசி அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலே பல நேரங்களில் அங்கேயே தீர்த்துவிடுவார்கள். இல்லையென்றால் 843 படிவத்தில் எழுதிக் கேட்கலாம். கேட்காதவர்களுக்கு அது தானாக வந்துவிடும் என்று நம்பி இருக்க வேண்டாம். அபராதம் நீங்கினால் அந்த அபராதத்தின் மேல் ஏறிய வட்டியும் நீங்கும். வரியின் மேல் ஏறிய வட்டி நீங்காது.

இதே நிலையில் பணமே கட்ட இயலாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வரி, அபராதம், வட்டி மூன்றும் சேர்ந்து 50,000 டாலருக்குள் இருந்து, எல்லா ஆண்டுக் கணக்குகளும் தாக்கலாகியிருந்தால், ஐ.ஆர்.எஸ். தளத்திலேயே மாதத் தவணைக்கு விண்ணப்பிக்கலாம். கணக்கை உரிய காலத்தில் தாக்கல் செய்தவருக்குத் தவணைக் காலத்தில் மாத அபராதம் கால் சதவீதமாகக் குறையும்.

கேள்வி (நியூஜெர்சி வாசகர்): எச்-1பி விசாவில் வந்து, பிறகு கிரீன் கார்டு பெற்று, பதினோரு ஆண்டுகளாக இங்கே வசிக்கிறேன். சென்னையில் ஒரு வங்கியில், வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ. வைப்புநிதியாக 40 லட்சம் ரூபாய் இருக்கிறது. அப்பாவின் சேமிப்புக் கணக்கிலும் என் பெயர் இணைப்பாக உள்ளது. என்.ஆர்.இ. வட்டிக்கு வரி இல்லை என்பதால் இங்கே எதையும் காட்டவில்லை. என் வரிக் கணக்கரும் கேட்டதில்லை. அண்மையில் வங்கி என் அமெரிக்க வரி எண்ணைக் கேட்டுப் படிவம் அனுப்பியிருக்கிறது. ஐ.ஆர்.எஸ்ஸிடமிருந்து இதுவரை கடிதம் எதுவும் வரவில்லை. என்ன செய்வது?

பதில்: கடிதம் வரவில்லை என்பதுதான் இப்போது உங்களுக்குச் சாதகமாக இருக்கும் ஒரே விஷயம், அதைக் கைநழுவ விடாதீர்கள்.

என்.ஆர்.இ. வட்டிக்கு வரி இல்லை என்பது இந்தியச் சட்டம். அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும், இங்கே தங்கிய நாட்களின் கணக்கில் வரி நோக்கில் குடியிருப்பாளராக ஆகிவிட்ட விசாக்காரர்களும் உலகில் எங்கு ஈட்டிய வருமானத்தையும் 1040 படிவத்தில் காட்ட வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். 40 லட்சத்துக்கு ஏழு சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 2,80,000 ரூபாய் வருமானம் இங்கே காட்டப்படாமல் போயிருக்கிறது. வெளிநாட்டில் வாழ்பவர்கள் இந்திய வருமானத்தைப் போட்டு வைக்கும் என்.ஆர்.ஓ. கணக்காக இருந்தால் இந்தியாவில் பிடித்த வரியை இரு நாட்டு வரி ஒப்பந்த வரம்புக்கு உட்பட்டு 1116 படிவத்தின் மூலம் கழித்துக்கொள்ள வழி உண்டு. என்.ஆர்.இ. கணக்கில் அங்கே வரியே இல்லாததால் கழிக்கவும் ஒன்றுமில்லை.

வருமானத்தைக் காட்டுவது ஒரு கடமை. கணக்குகளைத் தெரிவிப்பது வேறொரு கடமை. அயல்நாட்டுக் கணக்குகள் எல்லாவற்றின் கூட்டுத் தொகை ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால், எஃப்பார் எனப்படும் அறிக்கையைக் கருவூலத் துறையின் ஃபின்சென் பிரிவுக்கு மின்வழியில் அனுப்ப வேண்டும். கடைசி நாள் ஏப்ரல் 15. கேட்காமலேயே அக்டோபர் 15 வரை நீட்டிப்பு உண்டு. இதில் வரி எதுவும் கிடையாது, தகவல் மட்டும்தான். அப்பாவின் கணக்கில் உங்கள் பெயர் இருப்பதால், பணம் முழுக்க அவருடையதாகவே இருந்தாலும், அந்தக் கணக்கும் உங்கள் எஃப்பாரில் வர வேண்டும். ஊரில் அவசரத்துக்கு உதவும் என்று இணைத்த பெயர் இங்கே அறிக்கையில் இடம்பெற வேண்டியிருப்பது பலருக்கும் வியப்பாக இருக்கிறது. இதைத் தவிர, அயல்நாட்டு நிதிச் சொத்துகளின் மதிப்பு, அமெரிக்காவில் வசிக்கும் தனிநபருக்கு ஆண்டு முடிவில் 50,000 டாலரையோ இடையில் 75,000 டாலரையோ, கூட்டாகத் தாக்கல் செய்யும் தம்பதிக்கு இதன் இரு மடங்கையோ தாண்டினால், 8938 என்ற படிவத்தையும் 1040-உடன் இணைக்க வேண்டும். எஃப்பார் அனுப்பியவருக்கு 8938-இலிருந்து விலக்குக் கிடையாது.

வங்கி உங்கள் வரி எண்ணைக் கேட்பதற்குக் காரணம் ஃபாட்கா என்னும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம். 2015 ஜூலையில் இந்தியாவும் அமெரிக்காவும் அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன்படி இந்திய வங்கிகள் அமெரிக்க வரிதாரர்களின் கணக்கு விவரங்களை இந்திய அரசுக்குத் தர, அது ஐ.ஆர்.எஸ்ஸுக்குப் போகிறது. படிவத்தில் பொய்யாக எதையும் எழுத வேண்டாம்.

அபராதம் எவ்வளவு ஆகலாம் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். பிட்னர் என்ற வணிகர் ஐந்து ஆண்டுகளுக்கு எஃப்பாரை உரிய காலத்தில் தரவில்லை. அரசு ஒவ்வொரு கணக்கையும் தனித்தனித் தவறாக எண்ணி 27.2 லட்சம் டாலர் கேட்டது. உள்நோக்கம் இல்லாத தவறுக்கு அபராதம் அறிக்கைக்கு ஒன்றுதான், கணக்குக்கு ஒன்று இல்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதால் அது 50,000 டாலராகச் சுருங்கியது. சுருங்கிய பிறகும் ஆண்டுக்கு 10,000 டாலர் என்பதைக் கவனியுங்கள். வேண்டுமென்றே மறைத்தவர்களுக்கு அபராதம் கணக்கில் உள்ள தொகையில் பாதி வரைகூடப் போகலாம்.

உள்நோக்கம் இல்லாமல் தவறியவர்களுக்காகவே ஐ.ஆர்.எஸ். எளிமையாக்கப்பட்ட நடைமுறை ஒன்றை வைத்திருக்கிறது. உங்களைப் போல இங்கேயே வசித்து, ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்து வந்தவர்கள், மூன்று ஆண்டுகளுக்கான திருத்தக் கணக்குகளையும் ஆறு ஆண்டுகளுக்கான எஃப்பார்களையும் தந்து, வரியையும் வட்டியையும் கட்டி, விடுபட்ட அயல்நாட்டுச் சொத்துகளின் ஆண்டிறுதி மொத்தம் எந்த ஆண்டில் மிக அதிகமோ அதில் ஐந்து சதவீதத்தை ஒரே முறை அபராதமாகச் செலுத்தினால் போதும். 14654 என்ற படிவத்தில் ஏன் தவறியது என்று உண்மையை உங்கள் சொந்தச் சொற்களில் விளக்கிக் கையெழுத்திட வேண்டும். வேறெந்தத் தாளையும்விட அந்த விளக்கத்துக்குத்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். ஐ.ஆர்.எஸ். உங்கள் கணக்கை ஆய்வு செய்யத் தொடங்கிவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும்.

யாருக்கும் தெரியாமல் இந்த ஆண்டிலிருந்து மட்டும் ஒழுங்காகக் காட்டிக்கொள்ளலாம் என்று உங்களுக்கு யோசனை சொல்பவர்கள் இருப்பார்கள். நான் அதை ஆதரிக்கவில்லை. முன்பே தெரிந்திருந்தும் காட்டவில்லை என்ற நிலை இருந்தால், கணக்கரிடம் பேசுவதற்கு முன் வரி வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். இந்திய மியூச்சுவல் ஃபண்டுகள் வைத்திருந்தால் அவற்றுக்கு 8621 என்ற இன்னொரு படிவமும் கடுமையான வரி முறையும் உண்டு. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

கேள்வி (இல்லினாய் மாணவர்): எஃப்-1 விசாவில் வந்து இரண்டாம் ஆண்டு. நண்பர்கள் பயன்படுத்திய மென்பொருளில் 1040 தாக்கல் செய்து, கல்விச் சலுகையும் பெற்று ரீஃபண்டும் வாங்கிவிட்டேன். அது தவறு என்கிறார்கள்.

பதில்: தவறுதான், ஆனால் திருத்திவிடலாம். எஃப்-1 மாணவர்கள் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்கு வரி நோக்கில் குடியிருப்பாளர் ஆவதில்லை. அவர்களுக்கு உரியது, குடியிருப்பாளர் அல்லாதவர்களுக்கான 1040-என்.ஆர். படிவமும் 8843 படிவமும். சரியான 1040-என்.ஆர். படிவத்தை நிரப்பி, 1040-எக்ஸ் படிவத்துடன் இணைத்து அனுப்புங்கள். உங்களுக்கு உரிமையில்லாத கல்விச் சலுகையையும் அப்போதே திருப்பிக் கட்டிவிடுங்கள். பிற நாட்டு மாணவர்களுக்கு இல்லாத ஒரு வசதி இந்திய மாணவர்களுக்கு உண்டு: இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவின்படி, வரி போடும் முன் வருமானத்தில் குறிப்பிட்ட தொகையைக் குறைக்கும் நிலையான கழிவை நீங்கள் கோரலாம். சம்பளத்தில் சமூகப் பாதுகாப்பு வரி பிடித்திருந்தால் அதையும் முதலில் நிறுவனத்திடம் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி (ஓஹையோ வாசகர்): ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார் வீட்டில் தனியாக இருந்தபோது, ஐ.ஆர்.எஸ். அதிகாரி என்று ஒருவர் தொலைபேசி, உடனே கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைச் சொல்லாவிட்டால் என் கணவரைக் கைது செய்வோம் என்று மிரட்டினார். மாமியார் மிகவும் பயந்துவிட்டார். உண்மையாக இருக்குமா?

பதில்: மோசடி. ஐ.ஆர்.எஸ். கிஃப்ட் கார்டில் வரி வாங்குவதில்லை. பாக்கி இருந்தால் முதலில் அஞ்சலில் கடிதம்தான் வரும். காசோலையும் அமெரிக்கக் கருவூலத்தின் பெயருக்கே எழுதப்படும். 2016 அக்டோபரில் மும்பையை அடுத்த மீரா ரோட்டில் இப்படி ஐ.ஆர்.எஸ். அதிகாரிகளாக நடித்துக்கொண்டிருந்த கால் சென்டர்களை தாணே காவல்துறை சோதனையிட்டுப் பிடித்தது. எனவே பேசியவரின் ஆங்கிலம் நமக்குப் பழகிய சாயலில் இருந்திருந்தால் அதிலும் வியப்பில்லை. அதே சமயம் ஐ.ஆர்.எஸ். எப்போதுமே தொலைபேசாது என்றும் எண்ணிவிட வேண்டாம். பழைய பாக்கிகளைத் தனியார் வசூல் நிறுவனங்களிடம் அது ஒப்படைப்பதுண்டு. அவர்கள் பேசுவதற்கு முன் சிபி40 என்ற கடிதம் வந்திருக்கும். சந்தேகம் இருந்தால் அழைப்பைத் துண்டித்துவிட்டு, ஐ.ஆர்.எஸ். தளத்தில் உள்ள உங்கள் சொந்தக் கணக்கில் நுழைந்து பாக்கி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். மாமியாரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லி வையுங்கள். இவர்கள் மறுபடியும் கூப்பிடுவார்கள்.

கேள்வி (கலிஃபோர்னியா வாசகர்): வீடு மாறியதில் ஐ.ஆர்.எஸ். கடிதங்கள் பழைய முகவரிக்கே போயிருக்கின்றன. பழைய அடுக்ககத்து நண்பர் இப்போது கொண்டு வந்து தந்த கட்டில் முதலில் ஒரு சிபி2000, அதன் பிறகு சான்றஞ்சலில் வந்த சிபி3219ஏ. இரண்டாவதில் 90 நாள் என்று போட்டிருக்கிறது. அதில் ஐம்பது நாள் போய்விட்டது. எனக்குக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து எண்ணலாமா? விளக்கத்தையும் தாள்களையும் ஐ.ஆர்.எஸ்ஸுக்கு அனுப்பிவிட்டேன்.

பதில்: எண்ண முடியாது. வரி நீதிமன்றத்தில் மனுச் செய்வதற்கான அந்த 90 நாள், கடிதம் அனுப்பப்பட்ட நாளிலிருந்து ஓடுகிறது. கடைசித் தேதி கடிதத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். பொதுவாக, நீங்கள் கடைசியாகத் தாக்கல் செய்த கணக்கில் இருக்கும் முகவரிக்கு அனுப்பப்பட்டிருந்தால், உங்கள் கைக்கு வராவிட்டாலும் அது சட்டப்படி செல்லும். வீடு மாறியதும் 8822 படிவத்தை அனுப்பியிருந்தால் இந்த நிலை வந்திருக்காது. இன்றைக்காவது அனுப்பிவிடுங்கள்.

சிபி3219ஏ என்பது, கூடுதல் வரியை விதிக்கப் போவதாக முறைப்படி அறிவிக்கும் நோட்டீஸ். வரித்துறை அனுப்பும் நோட்டீஸ்களிலேயே இது மிக முக்கியமானது. வரியை முதலில் கட்டாமல் அதை எதிர்த்து வழக்காடக்கூடிய ஒரே இடம் அமெரிக்க வரி நீதிமன்றம். அதன் கதவைத் திறப்பது இந்தக் கடிதம். நீங்கள் அனுப்பிய தாள்களை ஐ.ஆர்.எஸ். ஊழியர் படித்துக்கொண்டிருக்கலாம், தொலைபேசியில் அன்பாகப் பேசி, பார்த்துச் சொல்கிறோம் என்றுகூடச் சொல்லலாம். அதனால் நாள் நின்றுவிடுவதில்லை. அந்தத் தேதியை நீட்டிக்கும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. எனவே பதில் வரும் என்று காத்திருக்காமல் மனுவைத் தாக்கல் செய்யுங்கள். கட்டணம் 60 டாலர், மின்வழியில் தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. கூட்டாகக் கணக்குத் தாக்கல் செய்த தம்பதிக்கு வந்த நோட்டீஸ் என்றால் மனுவில் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஓர் ஆண்டுக்கான சர்ச்சைத் தொகை 50,000 டாலருக்கு மேற்படாவிட்டால் சிறு வழக்கு முறையைக் கேட்கலாம். நடைமுறை எளிது, ஆனால் தீர்ப்பின் மேல் முறையீடு கிடையாது.

நீதிமன்றம் என்ற சொல்லைக் கேட்டு அஞ்ச வேண்டாம். இத்தகைய மனுக்களில் பெரும்பாலானவை ஐ.ஆர்.எஸ்ஸின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போய், தாள்களைப் பார்த்து, விசாரணை இல்லாமலேயே சமரசத்தில் முடிகின்றன. உங்களுக்காகப் பேச ஒருவரை நியமிக்க விரும்பினால் 2848 படிவத்தில் அதிகாரம் தர வேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்குக் குறைந்த கட்டணத்திலோ இலவசமாகவோ வாதாட, ஐ.ஆர்.எஸ்ஸைச் சாராத உதவி மையங்கள் உண்டு.

தேதி தவறிவிட்டவர்களுக்கு மறுபரிசீலனை கேட்பதும், வரியைக் கட்டிவிட்டுத் திரும்பக் கோருவதுமே மிஞ்சும். இரண்டுக்கும் காலம் பிடிக்கும். அதற்குள் பாக்கி நோட்டீஸ்கள் வரத் தொடங்கிவிடும். அவற்றில் எல்டி11 என்ற இறுதி நோட்டீஸ் வந்தால், சம்பளத்திலோ வங்கிக் கணக்கிலோ கைவைப்பதற்கு முன் 30 நாளுக்குள் 12153 படிவத்தில் விசாரணை கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கேள்வி (வர்ஜீனியா வாசகர்): அப்பா தஞ்சாவூரில் நிலத்தை விற்று எனக்கு 1,20,000 டாலர் அனுப்பப் போகிறார். இதற்கு இங்கே வரி உண்டா?

பதில்: வரி இல்லை. ஆனால் அமெரிக்காவோடு வரித் தொடர்பு இல்லாத அயல்நாட்டவர் ஒருவரிடமிருந்து ஓர் ஆண்டில் 100,000 டாலருக்கு மேல் அன்பளிப்பு வந்தால், 3520 என்ற படிவத்தில் தெரிவிக்க வேண்டும். 1040-உடன் சேர்க்காமல் தனியாக அஞ்சலில் அனுப்ப வேண்டும். தாமதித்தால் அபராதம் மாதத்துக்கு அன்பளிப்பில் ஐந்து சதவீதம், அதிகபட்சம் 25 சதவீதம். வரியே இல்லாத பணத்துக்கு இது பெரிய தண்டனை. நிலம் விற்ற பத்திர நகலையும், அன்பளிப்பு என்று அப்பா எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தையும் வாங்கி வையுங்கள்.

கேள்வி (வாஷிங்டன் மாநில வாசகர்): வரித் தாள்களை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும்?

பதில்: கணக்குத் தாக்கலாகி மூன்று ஆண்டுகளுக்குள் ஐ.ஆர்.எஸ். கூடுதல் வரி விதிக்கலாம் என்பது பொது விதி. மொத்த வருமானத்தில் 25 சதவீதத்துக்கு மேல் விடுபட்டிருந்தால் அது ஆறு ஆண்டு. கணக்கே தாக்கல் செய்யாவிட்டாலோ மோசடியாகச் செய்திருந்தாலோ கால வரம்பே இல்லை. தர வேண்டிய 8938 படிவம் தரப்படாவிட்டாலும் அந்த ஆண்டுக்கான கால வரம்பு திறந்தபடியே இருக்கும். ஆகவே அயல்நாட்டுக் கணக்கு வைத்திருப்பவர்கள் ஏழு ஆண்டுத் தாள்களையாவது வைத்திருப்பது நல்லது. பங்கு, வீடு ஆகியவற்றின் கொள்முதல் தாள்களை, விற்று அந்த ஆண்டுக் கணக்கின் காலம் முடியும் வரை வைத்திருங்கள். வேலை மாறும்போது பழைய நிறுவனத்தின் புரோக்கர் கணக்கிலிருந்து துணை அறிக்கைகளை மறக்காமல் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். டெக்சாஸ் வாசகருக்கு வந்ததைப் போன்ற கடிதம் விற்று இரண்டு ஆண்டு கழித்து வரும்போது அந்தக் கணக்கில் உங்களால் நுழைய முடியாமல் போகலாம்.